கருங்காலியாற்றின் வாய்

நவம்பர் 4. மேல்மலை

கருங்காலியாறு பிறக்கும் இடத்தை இன்று மறுபடியும் பார்த்தேன். சேற்றுப் பள்ளம். சுற்றிலும் இடுப்பளவு மஞ்சள் புல். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகிறது. பள்ளத்தின் ஓரத்தில் கையகல நீர் கசிந்து கீழே இறங்குகிறது. இதைப் பார்க்கத்தான் ஜீப்பை விட்டு இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, மழையில் ஏறி வந்தோம்.

மாரிமழை வலுக்கும் முன் ஒவ்வொரு வருடமும் எங்கள் திணைக்களம் இப்படி ஒரு குழுவை அனுப்பும். மலையில் தொடங்கிக் கடல் வரை ஆற்றோடு இறங்க வேண்டும். வழியில் நிற்கும் நீர்மட்டக் கோல்களை வாசிக்க வேண்டும். கடைசியில் ஆற்றின் வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டை எந்த நாளில் வெட்டுவது என்று சொல்ல வேண்டும். நான் இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். இந்த வருடம் என் தலைக்கு மேல் தர்மிகா என்ற இஞ்சினியரை வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகளைவிட இளையவள். சப்பாத்து புதுசு. எதைக் கண்டாலும் ஃபோனில் படம் எடுக்கிறாள்.

"ஐயா, அந்தக் கோல் என்ன காட்டுது? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

"மூடுபனி மிஸ். ஒண்ணும் தெரியல."

"மூடுபனியோ? இப்ப வெளிச்சிட்டுதே."

நான் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். சாரதி ஜௌபர்தான் எட்டிப் பார்த்து வாசித்தான். சாரதியின் வேலை வண்டி ஓட்டுவது. ஆனாலும் வாசித்தான்.

இந்த மலையில் மூடுபனி போன வருடத்தைவிட மோசமாகிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அலுவலகம் தந்த பேனாவிலும் மை இல்லை. கடையில் தடித்த பேனா ஒன்று வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 5. தோட்டம்

தேயிலைக்குள் இறங்கியதும் ஓடை ஆறாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் சரிவிலிருந்து சின்ன ஓடைகள் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் மண்ணைக் கொண்டுவருகிறது. அதனால் ஆறு இங்கே செங்கல் நிறம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மண் வெடித்து நிற்கிறது என்று மிஸ் காட்டினாள். மழை முடியும் வரை எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் இருங்கள் என்று வாசல் வாசலாகச் சொன்னாள். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் நின்று கேட்டாள்.

"வருசா வருசம் வர்றீங்க. மண்ண அளக்குறீங்க, தண்ணிய அளக்குறீங்க. எங்களுக்கு ஒரு காணித்துண்டு அளந்து குடுத்தீங்களா?"

"அக்கா, நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"நன்மைக்கு வந்தவங்கள நெறைய பாத்துட்டோம். நீங்க போங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு, நம்ம ஆளு மாதிரி இருக்கீங்க?" என்றாள். ஆபீஸ் ஆள் என்றேன். நான் பிறந்த லயம் அடுத்த மலையில்தான் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

திரும்பும்போது வாசலில் இருந்த வாளியை என் கால் தட்டிவிட்டது. குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீர் முழுக்கக் கொட்டிப்போனது. அந்தப் பெண் ஏசியது ஜீப் வளைவு திரும்பும் வரை கேட்டது. நடக்கிற வழியில் வாளி வைத்தால் தட்டத்தான் செய்யும்.

மிஸ் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்ன பார்வையோ.

நவம்பர் 7

மலை செங்குத்தாக இறங்கும் பள்ளம். அருவி. இரைச்சலில் மிஸ் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. நல்ல நாள்.

நவம்பர் 9. நீர்த்தேக்கம்

அருவியில் விழுந்து அடிபட்டு வந்த ஆறு இங்கே மூச்சில்லாமல் கிடக்கிறது. இரண்டு மலைக்கு நடுவே சுவர் கட்டி நிறுத்திவிட்டார்கள். செம்மண் அடியில் படிந்து, மேலே பச்சைத் தண்ணீர். விளிம்புக்கு ஒரு முழம்தான் பாக்கி.

அணையின் வான்கதவை எப்போது திறப்பீர்கள் என்று கேட்கப் போனோம். காவலறையில் இருந்தவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"மேலிடத்துல சொன்னா திறப்பம்."

"கீழ இருக்கிற சனத்துக்கு முதலே அறிவிக்க வேணுமெல்லோ?" என்றாள் மிஸ்.

"அறிவிக்கிறது என்ட வேலையில்ல, தங்கச்சி."

தங்கச்சி என்றதும் அவளுக்கு முகம் சிவந்திருக்கும். குரலிலேயே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, ஏன் சிரித்தேன் என்று எரிச்சலாக இருந்தது.

மகள் பொன்மலர் ஃபோன் எடுத்துக் கூப்பிட்டாள்.

"அப்பா, கிளினிக் திகதி போயிருச்சு. போனீங்களா இல்லையா?"

"டவர் இல்லம்மா. சரியா கேக்கல."

"ஒவ்வொரு தடவையும் இதையே சொல்றீங்க."

சீனி போடாத பிளேன்டீ குடித்துவிட்டுப் படுத்தேன். சர்க்கரை கூடினால் என்னென்ன கெடும் என்று சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் எவன் போய் உட்காருவான்?

நவம்பர் 11. இரும்புப் பாலம்

மலை முடிந்துவிட்டது. ஆறு தட்டையான நிலத்தில் எந்த அவசரமும் இல்லாமல் வளைந்து வளைந்து கிடக்கிறது. வளைவுகளுக்கு வெளியே பழைய ஆற்றின் தடங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். வில்லு என்பார்கள் இங்கே. வெயில்காலத்தில் எருமைகள் மேயும். இப்போது எது வில்லு, எது ஆறு என்று பிரிக்க முடியாத மழை. காற்றில் அழுகிய புல்லின் நாற்றம். கொசு.

பாலத்துக்கு முன்னால் ஒற்றை யானை ஒன்று காட்டிலிருந்து வந்து பாதையோரம் நின்றது. ஜௌபர் ஜீப்பைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டான். மிஸ் இறங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. பாலத்தில் நடந்துபோய் வாசிப்பது எப்போதும் என் வேலை. அதற்குள் இந்தப் பிள்ளை எதற்கு?

தூணில் எழுதிய எண்களுக்கு இந்த வருடம் வண்ணம் பூசவில்லை. யாருக்கும் அக்கறை இல்லை. கம்பியைப் பிடித்துக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று.

"மூணு" என்று கத்தினேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ ஐயா? கரையெல்லாம் மூடிக் கிடக்கே."

"வேணும்னா நீங்க வந்து வாசிங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

யானை காதை அசைத்தது என்று ஜௌபர் ஹோன் அடித்தான். அவள் மூன்று என்றே எழுதிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

நவம்பர் 12. முகத்துவாரம்

மலையிலிருந்து இத்தனை தூரம் வந்த ஆறு கடலைத் தொடுவதில்லை. கடைசியில் ஏரி மாதிரிக் களப்பாக விரிந்து நின்றுவிடுகிறது. களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அலை கொண்டுவந்து போட்ட மணல். இந்தப் பக்கம் கலங்கிய நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்பு. நடுவே நின்றால் இரண்டு பக்கச் சத்தமும் கேட்கும்.

களப்பின் மேற்குக் கரையில் வயல். திட்டை வெட்டாவிட்டால் வெள்ளம் வயலில் ஏறி நெல் அழுகும். கிழக்குக் கரையில் மீன்பிடிக்கும் குடும்பங்கள். வெட்டினால் இறாலும் நண்டும் ஒரே நாளில் கடலுக்குப் போகும். வலையும் போகும். வருடா வருடம் இந்தச் சண்டை. நடுவில் வந்து நிற்பது நாங்கள்.

கூட்டம் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில் நடந்தது. வயல்காரர் பக்கம் பாக்கியராசா போடியார் பேசினார். பெரிய நிலக்காரர், நிதானமான குரல்.

"நாளைக்கே வெட்டோணும். வயல் அழிஞ்சா ஆரு பொறுப்பு? இந்தப் புள்ளயா?"

மீனவர் பக்கம் சூசைதாசன் என்பவன். அவன் இருந்து பேசவில்லை, எழும்பி வந்து மேசையில் கை வைத்தான்.

"போன வருசமும் நாள் தாறம் எண்டு சொல்லிப்போட்டு விடிய முன்னம் வெட்டினீங்க. நாப்பது வலை போச்சு. இந்த முற ஒரு நாளாவது தாங்க. இருக்கிறத வாரிக்கொண்டு வாறம்."

பாலத்தில் ஐந்தைத் தாண்டியிருந்தால் மறுநாளே வெட்ட வேண்டும். மூன்று என்றால் அவசரமில்லை. மிஸ் தன் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"நாளண்டைக்கு வெட்டுவம்" என்றாள். "நாளைக்கு அவையள் களப்பில இறங்கி எடுக்கிறத எடுக்கட்டும்."

வெளியே வரும்போது ஜீப்பின் பின்கண்ணாடியில் கல் விழுந்தது. வயல்காரர் பக்கமிருந்துதான். ஜௌபர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "சேர், எங்களுக்கு எந்த ஊரிலயும் ஒரு பிளேன்டீ தரமாட்டாங்க போல இரிக்கி" என்றான்.

மாலையில் களப்புக் கோலை ஜௌபர் வாசித்தான். நான்கு.

நவம்பர் 13

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுத்து எப்படி வருகிறதென்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் நான் தனியாகக் களப்புக்குப் போனேன். அங்கே இருப்பது பழைய கோல். வார்ப்பிரும்பு, எண்கள் புடைத்து நிற்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்தேன். விரலால் தடவினேன். நான்கு தண்ணீருக்குள் எங்கேயோ கீழே கிடந்தது. நீர்மட்டத்தில் என் விரலுக்கு அகப்பட்டது ஆறு என்ற எண். மறுபடி தடவினேன். ஆறுதான்.

ஓர் இரவில் இரண்டு ஏறியிருக்கிறது. பாலத்தில் மூன்று நின்றிருந்தால் இது நடக்க முடியாது. எட்டு நின்றிருக்க வேண்டும்.

பார்க்கும் எதுவும் எனக்கு நடுவில் தெரிவதில்லை. நடுவில் புகை பிடித்த கண்ணாடி மாதிரி ஒரு கறை. ஓரம் தெரியும். முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. பாலத்தில் குனிந்தபோது எனக்கு ஒரு வளைவு தெரிந்தது. மூன்றுக்கும் வளைவு இருக்கிறது, எட்டுக்கும் இருக்கிறது. நான் மூன்று என்று சொன்னேன்.

மிஸ் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், பாலத்துல மூணு இல்ல. எட்டு."

"உங்களுக்கு இப்ப எப்பிடித் தெரியும்?"

"களப்பு ரெண்டு ஏறியிருக்கு. இன்னும் ஏறும்."

"நீங்கள்தானே வாசிச்சியள்?"

"வாசிக்கல. கண்ணு தெரியல மிஸ்."

அவள் வாயிலிருந்த நுரையைத் துப்பினாள். வாளித் தண்ணீரில் முகம் கழுவினாள். இவ்வளவும் மெதுவாகச் செய்தாள்.

"எவ்வளவு காலமா?"

"போன வருசத்துல இருந்து."

"அப்ப மேல வாசிச்சது எல்லாம்?"

"மத்ததெல்லாம் ஜௌபர். நான் வாசிச்சது அது ஒண்ணுதான்."

"ஒண்டு போதும்" என்றாள்.

அதற்குமேல் என்னோடு பேசவில்லை. ஜௌபரைக் கூப்பிட்டு, களப்புக் கரையோடு ஜீப்பை ஓட்டி ஹோனை விடாமல் அடிக்கச் சொன்னாள். தேவாலயத்துக்கு ஓடிப்போய் மணியடிக்கச் சொன்னாள். தோணிகள் எல்லாம் களப்பின் நடுவில் இருந்தன. ஒரு நாள் இருக்கிறது என்று நாங்கள் சொன்னதை நம்பி, ஆட்கள் விடியும் முன்பே இறங்கியிருந்தார்கள். இப்போது திட்டை வெட்டினால் வாய்க்குப் பக்கத்தில் நிற்கிற தோணியைத் தண்ணீர் கடலுக்குள் இழுத்துவிடும். வெட்டாவிட்டால் மேற்குக் கரை போய்விடும்.

மணிச்சத்தம் கேட்டு மீனவப் பெண்கள் திட்டுக்கு வந்தார்கள். வரம்பு உடைந்ததைப் பார்த்த வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். போடியாரின் நிதானமான குரல் இப்போது இல்லை.

"வெட்டுங்கடா."

"எங்கட ஆக்கள் உள்ளுக்கு நிக்காங்க" என்று ஒருத்தி குறுக்கே போய் நின்றாள். சூசைதாசனின் மனைவி இருதயம் என்று பிறகு அறிந்தேன். "முதல்ல என்ன வெட்டுங்க, பிறகு மண்ண வெட்டுங்க."

"நேத்து நாள் கேட்டது ஆரு? நீங்கதானே?"

"நாள் குடுத்தது ஆரு?"

அந்தக் கேள்வியோடு இரண்டு பக்கமும் மிஸ் மேல் திரும்பியது. வயல்காரர்கள், மீனவரிடம் நண்டு வாங்கித் தின்றுவிட்டு நாள் கொடுத்தாள் என்றார்கள். பெண்கள், தங்கள் ஆட்களைக் கொல்லத்தான் உள்ளே அனுப்பினாள் என்றார்கள். ஒருவன் இங்கே எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னான். அவள் குரல் உயரவில்லை. "தோணி வரும்வரைக்கும் பொறுங்கோ" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவளுக்காக இரங்கினேன் என்று எழுத மாட்டேன். என் பிழைக்கு இன்னொருத்தி ஏச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"நாள் குடுத்தது என் கணக்கு" என்றேன். "பாலத்துல எட்டு நின்னுச்சு. நான் மூணுன்னு சொன்னேன். எனக்குக் கண்ணு தெரியாது. இந்தப் பிள்ளைக்கு அது தெரியாது."

ஒரு ஆள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"குருடனையா ஆறு பாக்க அனுப்பினவனுகள்" என்றார் போடியார்.

எந்தப் பக்கமிருந்து முதல் அடி வந்தது என்று தெரியாது. மண்வெட்டிப் பிடி தோளில் விழுந்தது. பிறகு ஈரமணலை வாரி முகத்தில் அடித்தார்கள். பெண்கள்தான் என்று நினைக்கிறேன், வளையல் சத்தம் கேட்டது. நான் முழங்காலில் விழுந்தேன். கேட்ட ஏச்சில் பாதி மட்டக்களப்புப் பேச்சு, எனக்கு விளங்கவில்லை. மீதி விளங்கியது. மிஸ் என் கையைப் பிடித்து இழுத்து ஜீப் பக்கம் தள்ளினாள். "அடிக்கிற நேரத்துக்குத் தோணியளை எண்ணுங்கோ" என்று அவர்களைப் பார்த்துக் கத்தினாள். இன்றைக்கு அவள் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் களப்பைப் பார்த்தார்கள். தோணிகள் வந்துகொண்டிருந்தன. இருதயம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசித் தோணி சூசைதாசனுடையது. வலையை விட்டுவிட்டு வர மனமில்லாமல் கடைசிவரை நின்றிருக்கிறான். அவன் கரையைத் தொட்டதும் போடியாரின் ஆட்கள் வெட்டத் தொடங்கினார்கள். ஒரு தோணி நுழையும் அகலத்துக்குத்தான் வெட்டினார்கள். மீதியை ஆறு வெட்டிக்கொண்டது. மணல் பெரிய துண்டுகளாக இடிந்து விழும் சத்தம். மத்தியானத்துக்குள் அக்கரையில் நிற்பவனின் குரல் இக்கரைக்குக் கேட்காத அகலம்.

ஆள் ஒருவரும் போகவில்லை. வலைகள் எல்லாம் போயின. தாழ்ந்த வயல்கள் போயின. போடியாருடையதும் அதில்தான்.

நவம்பர் 14

கடையில் எங்களுக்குத் தேநீர் தரவில்லை. ஜௌபருக்கு மட்டும் தந்தார்கள். அவன் குடிக்காமல் வந்துவிட்டான்.

மிஸ் அறிக்கை எழுதி முடித்துவிட்டாள். என்ன எழுதினீங்க என்று கேட்டேன்.

"நடந்ததை எழுதினன். நீங்கள் மறைச்சதையும் எழுதினன். நான் போய்ப் பாக்காமல் விட்டதையும் எழுதினன்."

"உங்கள ஏன் எழுதுனீங்க? யானை நின்னுச்சே."

"நீங்கள் எனக்கு நியாயம் சொல்ல வராதேங்கோ."

சரியென்று வந்துவிட்டேன். தோள் வீங்கியிருக்கிறது. பொன்மலருக்கு நானே ஃபோன் எடுத்தேன். முதலில் அழுதாள். பிறகு ஏசத் தொடங்கி, ஃபோனில் காசு முடியும் வரை ஏசினாள்.

நவம்பர் 15

புறப்படும் முன் ஆற்றின் வாயைப் பார்க்கப் போனேன். பார்க்க என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஜௌபர் வருகிறேன் என்றான். வேண்டாம் என்று விட்டேன். சத்தம் இருக்கும் பக்கம் நடந்தால் போதும்.

பாதி வழியில் முன்னால் ஒரு ஆள் நிற்பது ஓரமாகத் தெரிந்தது. புகையிலை நாற்றம், மீன் நாற்றம். பேசவில்லை. நானும் நின்றேன். முகத்துக்குப் பக்கத்தில் என்னவோ வந்தது போல் இருந்தது. ஏதோ கிறுகிறுவென்று உரசும் சத்தம், ஒரு துளித் தண்ணீர் மூக்கில் விழுந்தது.

"என்ன அது?" என்றேன்.

அது இன்னும் கிட்ட வந்தது. களப்புச் சேற்றின் வாடை.

"நண்டு" என்றான் அவன். சூசைதாசன். "கொடுக்கு உங்கட கண்ணுல படப்போகுது. இமைக்கவும் இல்ல நீங்க."

"தெரிஞ்சா இமைச்சிருப்பேன்."

"அந்தப் புள்ளயக் காப்பாத்தப் பொய் சொல்லுறீங்க எண்டுதான் நாங்க எல்லாரும் நினைச்ச. போடியார் ஆக்களும் அப்பிடித்தான் சொன்னாங்க."

நண்டை எங்கேயோ வீசினான். மணலில் விழுந்து ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்கு வலை திரும்ப வருமா?"

"வராது."

"அப்ப என்னத்துக்கு இங்க வந்தீங்க?"

"இத்தன வருசமா இத அளந்திருக்கேன். வாய் தொறந்த பிறகு ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல. வெட்டுன உடனே வண்டியில ஏறிப் போயிருவோம்."

அவன் காறித் துப்பினான். போய்விடுவான் என்று நினைத்தேன். என் மணிக்கட்டை, அடிபட்ட தோள் பக்கத்துக் கையை, எலும்பு நோகிற மாதிரி இறுக்கிப் பிடித்தான். முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தான். நான் தடுக்கி விழப் போனபோது நிற்கவில்லை, இழுத்தே நிமிர்த்தினான். காலின் கீழ் மணல் ஈரமாகி, பிறகு தளர்ந்து, பிறகு தண்ணீர் வந்தது.

"இதுக்கு அங்கால போகாதீங்க. கரை இடிஞ்சு கொண்டு இரிக்கி."

இடது காலில் குளிர்ந்த தண்ணீர் வேகமாகப் போனது. அதில் கரகரவென்று மண். வலது காலில் அலை வந்து மோதியது, இளஞ்சூடு. நான் குனிந்து ஒரு கையால் அள்ளி வாயில் வைத்தேன். முதலில் சேற்று ருசி, விழுங்கும்போது உப்பு.

"எந்த நிறம்?" என்று கேட்டேன்.

அவன் மறுபடி காறித் துப்பினான்.

"ஆறு செம்மண். கடல் பச்ச. நடுவுல கோடு போட்ட மாதிரி நிக்கிது. கலக்கல்ல" என்றான். கொஞ்சம் பொறுத்து, வேறு யாரையோ ஏசுவது போல, "தூரத்துல கலக்குது" என்றான்.

அவன் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஜீப் வரை கூட்டிவந்தான். உறுதியான மணல் வரும் வரை கையை விடவில்லை.